ஜமீலா அக்கா எண்ணிய பதினோரு கோடுகள்

மாட்டுங்காவிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: செம்பூரில் நான் வேலை பார்க்கும் கட்டட வரைபட ஆபீஸில் நான்கு நாளாகப் படுத்த படுக்கையாகக் கிடந்த எலி, அதாவது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நீண்ட வாலோடு கிடக்குமே அந்த எலி, இன்று காலை பத்தேகாலுக்கு உடல் தேறி நடமாடத் தொடங்கியது.

சென்ற செவ்வாய்க்கிழமை நாற்காலி மேல் ஏறி நின்று, ரேடியோ செய்திக்காரர் குரலில் இதை வாசித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முதலாளி எடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து இறங்கும்படி கையைக் காட்டினார். பேசியது தாராவியிலிருந்து ஜமீலா அக்காவின் தம்பி. மஞ்சள் காமாலை முற்றி, விடியற்காலையில் அக்கா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாராம். முப்பத்திரண்டு வயது.

உங்களுக்கு அவரைத் தெரியும். இந்தக் கையெழுத்து இதழின் அட்டையில் மாதாமாதம் தலைப்பை எழுதித் தந்தவர் அவர்தான். ஸ்கேல் வைக்கமாட்டார், ஆனால் ஓர் எழுத்தும் சாயாது. பிரதி வாங்க ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலைக்கு வந்தால், “இதுல ஏழு பிழை இருக்குலே, எட்டாவது நீ” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

ஆபீஸிலும் அவர் வேலை பிழை பார்ப்பதுதான். வரைபடம் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் முன் ஒரு சோதனைப் பிரதி அவர் மேஜைக்குப் போகும். சரியாக இருக்கும் ஒவ்வொரு கோட்டின் மேலும் மஞ்சள் பென்சிலால் ஓட்டுவார். பூசாத கோடு தப்பான கோடு. எல்லாம் முடிந்தபின்தான் இறுதிப் பிரதியின் மூலையில் அவர் கையெழுத்து விழும். எடுத்த எடுப்பில் அவர் சுவரையோ கதவையோ பார்த்ததில்லை. டாட்டட் லைன் எத்தனை என்று எண்ணுவார். ஸ்லாபுக்குள் புதைந்த பீம், தரைக்கடியில் ஓடும் குழாய் என்று கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டுப் போகும் கோட்டில் காட்டுவது வரைபட வழக்கம். ஏன் அதிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரியுத சுவர எவனும் தெரியாம இடிக்க மாட்டாம்லே. தெரியாத பீமத்தான் உடைப்பான்” என்றார்.

ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆறு மாத கோர்ஸ், பத்தொன்பது வயது, கேட்கவா வேண்டும்? அந்த இயந்திரத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். மதிய இடைவேளையில் அக்கா என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் தட்டும் கட்டளைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பரீட்சைக்குப் படிக்கிறீர்களா என்று கிண்டல் செய்வேன். “நீ ஒருநா லீவு போட்டா ஆபீஸ் ஓடணும்லா” என்பார்.

இனி தொந்தி விவகாரம். எங்கள் முதலாளிக்கு டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தடுத்திருந்தார். அவரோ பைல் அலமாரிக்குப் பின்னால் நின்று வடாபாவ் சாப்பிடுவார். ஆள் தெரியமாட்டார், வாசனை வரும். மறைந்திருப்பதை டாட்டட் லைனில் காட்ட வேண்டும் என்பதுதானே சட்டம்? காட்கோபரில் ஒரு கட்டடத்துக்குக் குழாய் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு தொந்தியும், கையில் ஒரு வடாபாவும், எல்லாம் டாட்டட் லைனில், முறைப்படி வரைந்தேன். சோதனைப் பிரதி அக்காவிடம் போனது. வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை மறக்கமாட்டேன். பிறகு அந்த வரைபடத்தில் டாட்டட் லைனில் இருந்த பதினோரு பீமுக்கும் மஞ்சள் பூசி, தொந்தியை மட்டும் விட்டுவிட்டு, அதை அழித்துவிட்டு இறுதிப் பிரதி எடுக்கச் சொன்னார். தாளில் பென்சிலால் ஏதோ எழுதியும் இருந்தார். நான் படிக்கவில்லை.

அழிக்க உட்கார்ந்தேன். தொந்தி பீம்களின் மேலேயே படர்ந்திருந்தது. அதைப் பிடித்தால் பீமும் சேர்ந்து போனது. திரும்பக் கொண்டுவந்தேன், மறுபடியும் போனது. அதற்குள் முதலாளி என் அறைக்கு வந்துவிட்டார். காட்கோபர் ஆள் வாசலில் நிற்கிறான், எங்கே வரைபடம் என்றார். கம்ப்யூட்டரில் கோடுகளை வகை வகையாகப் பிரித்து, கண்ணாடித் தாளை அடுக்கியதுபோல் வைத்திருப்போம். வேண்டாத தாளை அணைத்துவிட்டால் திரையிலும் வராது, காகிதத்திலும் வராது. மறைந்த கோடுகளின் தாளை அணைத்தேன். தொந்தி போயிற்று. அதே தாளில் இருந்த பதினோரு பீமும் போயின. எனக்குத் தெரியும். அவர் நகர்ந்ததும் வேறு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் நகரவில்லை, அந்தப் பிரதியே கையெழுத்துக்குப் போனது.

அது ரம்ஜான் மாதம். நோன்பு திறக்கும் முன் தாராவி போய்ச் சேர்ந்து கஞ்சி காய்ச்ச வேண்டுமென்று அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். சுருட்டிய தாளின் மூலையை மட்டும் பிரித்து, பேனாவைத் திறந்தார்.

“எல்லாம் அதேதான?”

“அதேதான் அக்கா.”

கையெழுத்துப் போட்டார். தாளை முழுக்கப் பிரிக்காமல் அவர் கையெழுத்திட்டது அந்த ஒருமுறைதான்.

நான்காம் நாள் காட்கோபரில், வரைபடத்தில் எதுவுமில்லாத இடம் என்று நம்பிக் குழாய்க்காரர்கள் ஸ்லாபைக் கொத்தினார்கள். உள்ளே பீம் இருந்தது. இரண்டு கம்பி அறுந்தபின்தான் மேஸ்திரி ஓடிவந்து நிறுத்தினார். கீழே முட்டுக் கொடுத்து, வேலை நின்றது. யார் மேலும் எதுவும் விழவில்லை. செய்தி வந்ததும் அக்கா நேராக என் மேஜைக்கு வந்தார். அங்கே கிடந்த சோதனைப் பிரதியைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தொந்திய அழிச்சியா, அணைச்சியா?”

“அழிச்சேன்” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். “சரி” என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குள் போனார். கையெழுத்து என்னுடையது, பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று மட்டும் இந்தியில் சொன்னார். மறுநாள் மஞ்சள் பென்சில் இன்னொருவர் மேஜைக்குப் போனது. அக்காவைப் பழைய வரைபடங்களுக்கு நம்பர் போட்டு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். காய்ச்சல் வந்து படுக்கும்வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அப்போதும் டாட்டட் லைனை எண்ணிவிட்டுத்தான் அடுக்கினார்.

நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும், போன இதழில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேனே. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, காணாமல்போன பதினோரு பீமையும் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டே நிமிடத்தில் மீட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றிய வீரன் நான். அணைத்ததைத் திரும்பப் போட்டேன், அவ்வளவுதான். அந்த இதழின் அட்டையிலும் தலைப்பு அக்காவின் கையெழுத்துதான். உள்ளே இருந்ததைப் படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை தாராவிக்குப் போனேன். தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே அவர்கள் வீடு. அக்காவின் தம்பி ஒரு நோட்டையும் ஒரு சுருளையும் கொடுத்து, “ஆபீஸ் சாமான் போல. அக்கா இத யாரையும் தொட விட மாட்டா” என்றார்.

சயானில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுருளைப் பிரித்துப் பார்த்தேன். அன்றைக்கு அக்கா பைக்குள் வைத்துக்கொண்ட சோதனைப் பிரதி. பதினோரு மஞ்சள் கோடுகள். இதை முதலாளி மேஜையில் விரித்திருந்தால் அன்றைக்கே அவர் தப்பித்திருப்பார், என் வேலை போயிருக்கும். தொந்திக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: ‘அழிக்கத் தெரியலன்னா கேளுலே.’

போன இதழின் வீரன் இப்போது சொல்கிறான்: எனக்கு அழிக்கத் தெரியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளில் வேண்டாததை மட்டும் எப்படிப் பிடிப்பது என்பது அக்காவின் நோட்டில், நான் கிண்டல் செய்த அதே நோட்டில், படி ஒன்று, படி இரண்டு என்று இருக்கிறது. கோர்ஸ் கையேட்டை என்னிடம் இரவல் வாங்கிப்போய் அதிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்த நோட்டும் இந்தச் சுருளும்தான். இதையெல்லாம் நான் துணிச்சலாக எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். முதலாளிக்குத் தமிழ் தெரியாது. மூன்று நாளாகச் சுருளை ஆபீஸுக்கு எடுத்துப்போகிறேன். அவர் அறை வாசல்வரை போகிறேன். சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுவருகிறேன்.