பூஜையில் உட்கார்ந்த பெடல்

அந்த சைக்கிளை நான் ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம் அதிகம். பெரிய சக்கரம், கம்பி பிரேக், இரும்பு கேரியர் என்று பால்காரர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்தார்களே, அந்த வகை. பொழிச்சலூரில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே இருந்த வாட்ச்மேன், வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது ரயிலில் ஏற்ற முடியாது என்று அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். இடது பெடலை மிதித்தால் கால் ஒரு சாண் தூரம் சும்மா இறங்கும். பிறகு டொக் என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் சக்கரம் மனசு வைத்துச் சுற்றும்.

நான் எட்டாவதோடு நின்றவன். புனாவில் ஓட்டலில் தட்டு கழுவினேன், திருப்பூரில் பனியன் மடித்தேன், பாலக்காட்டுப் பக்கம் செங்கல் சூளையில் மண் சுமந்தேன். எந்த ஊரிலும் அடுத்தடுத்து இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. தாம்பரத்தில் வந்து இறங்கியபோது வேலை கிடையாது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவில் மட்டும் சாப்பிடுவது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். முதல் வாரம்தான் கஷ்டம். பிறகு வயிறே மதியத்தை மறந்துவிடும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டு கேட்டில் அட்டை தொங்கியது. இட்லி மாவு டெலிவரிக்கு ஆள் தேவை, சொந்த வண்டி வேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கார அக்கா முன்பு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்தவர். இப்போது கார் ஷெட்டில் பெரிய கிரைண்டர் போட்டு மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, சுற்றியுள்ள அபார்ட்மெண்ட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பைக் வச்சிருக்கீங்களா தம்பி?"

"சைக்கிள் இருக்குக்கா."

"சைக்கிளே போதும். பைக் வச்சிருக்கிறவங்க ஒரு வாரம் வர்றாங்க, அப்புறம் ஹோட்டல் சாப்பாடு கொடுக்கப் போயிடறாங்க. நல்லா ஓடுமில்ல?"

"ஓடும்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுக்கு வெளியே நின்ற சைக்கிளைப் பார்க்கவில்லை.

"ஆயுத பூஜை அன்னைக்கு வாங்க. அன்னைக்கு நீங்க தாக்குப்பிடிச்சிட்டா வேலை உங்களுக்கு."

அதற்குக் காரணம் இருந்தது. ஆயுத பூஜை அன்று அந்த வட்டாரத்து மாவுக் கடைகள் எல்லாவற்றிலும் கிரைண்டருக்குக் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். இந்த அக்கா சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய கிரைண்டருக்கு அன்று லீவு இல்லை. லீவில் வீட்டோடு இருக்கும் ஜனங்களுக்கோ இட்லி வேண்டும். வருஷத்திலேயே அவருக்குப் பெரிய வியாபாரம் அந்த ஒரு நாள்தான்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பழுது பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போனது மேற்குத் தாம்பரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை. உள்ளே ஏ.சி. சைக்கிள்கள் சுவரில் மான் தலை மாதிரி மாட்டியிருந்தன. டை கட்டிய ஒருவர் வெளியே வந்து என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சார், இது வின்டேஜ் சார்."

"இடது பெடல் லூஸா இருக்குங்க."

"சூப்பர் பீஸ் சார். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

முன்னால், பக்கவாட்டில், பெல்லுக்கு அருகில் என்று எடுத்தார். பெல்லை அடித்து வீடியோவும் எடுத்தார். எடுத்து முடித்ததும் இதற்கு ஸ்பேர் வராது, வேண்டுமானால் கடை வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்கக் கொடுங்கள் என்றார். செடித் தொட்டி வைக்க கேரியர் தோதாக இருக்குமாம். எனக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றேன்.

"அப்போ கியர் சைக்கிள் பாருங்க சார். இ.எம்.ஐ. இருக்கு."

அடுத்தது சேலையூரில் ஒரு பஞ்சர் கடை. பழைய டயர் ஒன்று புங்கமரத்தில் தொங்கியது. அதன் கீழ் உட்கார்ந்திருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "டியூப்லெஸ்ஸா?" என்றார்.

"சைக்கிள்ண்ணா."

தலையைத் தூக்கினார். "சைக்கிளா? அதெல்லாம் உட்டாச்சுண்ணா. காத்து வேணா புட்ச்சுக்கோ."

"காத்து இருக்கு. பெடல்தான்."

"இருக்கட்டும், புட்ச்சுக்கோ. வந்ததுக்கு."

பிடித்துவிட்டார். தாராளமான கை. முன் டயர் கல் மாதிரி ஆனது. காம்ப் ரோடு தாண்டுவதற்குள் டியூப் வெடித்தது. இப்போது பெடலோடு டியூபும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவதாக சிட்லபாக்கத்தில் ஒரு கடை கிடைத்தது. சைக்கிள் பார்க்கிற கடைதான். ஆனால் கடைக்காரருக்கு ஒரு வழக்கம். நாம் எதைக் காட்டுகிறோமோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்.

"இன்னாபா இது, கம்பியெல்லாம் தளந்து கீது?"

"பெடல் பாருண்ணா."

"பெடல் எங்க போவுது. பின்னாடி சக்கரத்துல கோட்டம் கீது பாரு. மாடு வால ஆட்ற மாதிரி ஆடுது. இத்தயா இத்தினி நாளு ஓட்டுன?"

"தள்ளிக்கிட்டுதாண்ணா இருந்தேன்."

"அதான் உசுரோட கீற. உட்டுட்டுப் போ. நாளைக்கு வா."

மறுநாள் போனேன். டியூபை மாற்றிக் கோட்டத்தையும் எடுத்திருந்தார். பெடலைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார். அடுத்த முறை போனபோது, யாரும் கேட்காத மட்கார்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பெடல் என்றேன். "வருது, வருது" என்றார், பெடல் என்னவோ பஸ் ஏறி வந்துகொண்டிருப்பது போல. என் கோபத்தை நான் வெளியே காட்டவில்லை. வண்டி அவரிடம் பாகம் பாகமாகக் கிடந்தது. பாகம் பாகமாகக் கிடக்கும் வண்டிக்குச் சொந்தக்காரன் கோபப்பட முடியாது.

ஆயுத பூஜை காலை, இருட்டு விலகும்போதே பொழிச்சலூரிலிருந்து நடந்து சிட்லபாக்கம் போய்ச் சேர்ந்தேன். கடை திறந்திருந்தது. என் சைக்கிள் வாசலிலேயே நின்றது. இத்தனை வருஷத்தில் யாரும் அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். கழுவித் துடைத்து எண்ணெய் போட்டு, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலையும் இரண்டு பக்கமும் வாழைக்கன்றும் கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. கீழே பார்த்தேன். இடது பெடல் இல்லை. பெடலைத் தாங்கும் கிராங்க்கே இல்லை.

கடைக்குள் ஒரு பலகைமேல் சரஸ்வதி படம். படத்துக்கு முன்னால் ஸ்பேனர்கள், சுத்தியல், பம்ப், குறடு எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாகப் படுத்திருந்தன. நடுவில், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கிராங்க்கோடு சேர்ந்து என் பெடல்.

கடைக்காரர் வேட்டி கட்டி, விபூதி பூசி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நேத்து சாயந்தரம் கயட்டுனேன்பா. ஆணி தேஞ்சி போச்சு. புது ஆணி வாங்கினு வந்தேன். அதுக்குள்ள விடிகால நல்ல நேரம் வந்துடுச்சு. பூஜ போட்டுட்டோம்."

"சரி, இப்ப மாட்டிக் குடு."

"இன்னிக்கா? பூஜையில கீதுபா. நாளைக்கு எடுத்துதான் தொடணும்."

எனக்கு இன்றைக்குத்தான் வேலை என்றேன். கிரைண்டர், மாவு, அக்கா, தாக்குப்பிடித்தால்தான் வேலை என்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் உண்மையிலேயே வாடிப்போனது. பின்னால் கட்டிய கையை மட்டும் அவிழ்க்கவில்லை.

"நா இன்னாபா பண்ணுவேன். ஸ்பேனர தொட்டா வருசம் பூரா தொயில் பேஜாராப் பூடும்."

"பெடலயாவது எடுத்துக்கிறேன்."

"அதுவும் ஆயுதத்தோடதானே குந்திக்கினு கீது."

"அது ஆயுதம் இல்லண்ணா. வண்டி."

இந்த இடத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பெடலைப் பார்த்தார், வெளியே சைக்கிளைப் பார்த்தார். "ஏம்மே, இங்க வா" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். அவருடைய சம்சாரம் ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். வழக்கை முழுவதும் கேட்டார்.

"ஆட்டோக்காரன் பூஜ போட்டுட்டு இன்னா பண்றான்? ஓட்டினு போறான்ல? வண்டிக்கி இன்னா தட கீது? பெடலு வண்டியோட காலு. எடுத்துக்கட்டும்" என்றார்.

"ஆணி?" என்றார் கடைக்காரர்.

"ஆணி அவரு வாங்கப்போற சாமான். சாமானு ஆயுதமா?"

"சுத்தி?"

"சுத்திய தொட்டின்னா கைய ஒடிப்பேன்."

தீர்ப்பு அதுதான். பெடலும் ஆணியும் எனக்கு, சுத்தியல் சரஸ்வதிக்கு. அந்த ஆணியை காட்டர் பின் என்பார்கள். கிராங்க்கை அச்சோடு இறுக்குவது அதுதான். அதை அடித்துத்தான் இறக்க வேண்டும், கையால் அழுத்தினால் போகாது. எதை வைத்து அடிப்பது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வாசலில் தேங்காய் உடைக்க வைத்திருந்த கருங்கல் கிடந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"கல்லு கல்லுதான்" என்றார்.

நான் குந்தி உட்கார்ந்து அடித்தேன். கடைக்காரர் தலைக்குமேல் நின்றுகொண்டு, கையைக் கட்டியபடியே வாயால் வேலை செய்தார்.

"நேரா அடிபா. சாய்ச்சி அடிக்காத. இன்னும் ஒண்ணு போடு. ஐய, அடி வாங்குறது ஆணியா, கம்பியா?"

கடைசியில் ஆணி இறங்கியது. நட்டை ஸ்பேனர் போட்டு முடுக்க வேண்டும், அதற்கு வழியில்லை. துணியைச் சுற்றி விரலாலேயே முடுக்கினேன். கிளம்பும்போது அந்த அம்மா கல்லைத் தூக்கி என் கேரியரில் வைத்தார்.

"வழில கயண்டுக்கும். போட்டு அடிச்சிக்கோ. சாயந்தரம் கல்ல குட்துடு."

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது அவர் மாலையையும் வாழைக்கன்றையும் பொட்டையும் வரிசையாகப் பார்த்தார்.

"ரொம்ப அலங்காரமா வந்திருக்கீங்க."

"கடையில பூஜை போட்டாங்கக்கா."

"எங்க வீட்டு மாவு இப்படி ஊர்வலம் போனதே இல்ல" என்று சொல்லிப் பைகளைக் கேரியரில் அடுக்க ஆரம்பித்தார். கல்லைப் பார்த்தார். "இது?"

"வண்டிக்கு ஸ்டாண்ட் சரியில்லக்கா. முட்டுக் கொடுக்க."

தெருவுக்குத் தெரு பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் வழுக்காமல், மாவு சிந்தாமல், இடது காலை மெதுவாகவும் வலது காலைப் பலமாகவும் மிதித்து ஓட்டினேன். நாலைந்து வீட்டுக்கு ஒரு முறை டொக் என்று கேட்கும். இறங்குவேன், கல்லை எடுப்பேன், ஆணியை அடிப்பேன், கிளம்புவேன். ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்திப் பையைப் பார்த்தார்.

"மாவு சரி. கல்லு இன்னாத்துக்கு?"

"பெடல் அடிக்கண்ணா."

"அதுக்கு ஸ்பேனரு கீதே. நம்ம ரூம்லயே கீது."

எனக்கு உயிர் வந்தது. "குடுண்ணா, அஞ்சு நிமிஷம்."

அவர் தன் சின்ன அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "பூஜையில வச்சிட்டேன்பா" என்றார்.

நான் மாடிக்குப் போய்ப் பாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவதற்குள் ஒரு மாடு வந்து இடது பக்கத்து வாழைக்கன்றை முடித்திருந்தது. வலது பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. செக்யூரிட்டி அதை விரட்டவில்லை. நல்ல நாளில் மாடு சாப்பிடுவது நல்லதுதானே என்றார். பாதி மாலையையும் அது இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு அலங்காரக் கனம் குறைந்து வண்டி கொஞ்சம் லேசாக ஓடியது.

பல நடை போய் வந்தேன். மதியத்துக்குமேல் நட்டு எங்கேயோ விழுந்துவிட்டது. கடைசி நடையில் செம்பாக்கம் பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது ஆணியும் கழன்று, பெடல் கிராங்க்கோடு ரோட்டில் விழுந்தது. அதை எடுத்துப் பைக்குள் மாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிச்ச வீடுகளுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்க் கொடுத்தேன். தள்ளுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஒரு பாக்கெட்கூட உடையவில்லை. ஒரு வீட்டில் மட்டும் லேட் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது அக்கா கேட்டருகே நின்றிருந்தார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பெடலைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி, மிச்சம் இருந்த மாவில் தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். தொட்டுக்கொள்ளப் பொடி. காலையிலிருந்து அவ்வளவு மாவு சுமந்தும், அது தோசையாக மாறும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது. இந்த மாதிரி ஆரம்பிக்கும் பேச்சைப் புனாவிலும் திருப்பூரிலும் கேட்டிருக்கிறேன். முதலில் தட்டில் இருப்பதை முடித்துவிடுவது நல்லது என்று வேகமாகச் சாப்பிட்டேன்.

"நாளையிலிருந்து எல்லாக் கடையிலயும் அரைக்க ஆரம்பிச்சிடுவாங்க. இன்னைக்கு மாதிரி ஆர்டர் இருக்காது. முழு நாளைக்கு ஆள் வச்சா எனக்குக் கட்டுப்படியாகாது. காலையில மட்டும் வர்றீங்களா? மதியம் சாப்பிட்டுப் போங்க."

என் வாயில் தோசை இருந்தது. தலையை ஆட்டினேன். நான் யோசிக்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, இன்னொரு தோசை ஊற்ற எழுந்து போனார். அவர் அதைக் கொண்டுவந்து தட்டில் போடும்வரை காத்திருந்துவிட்டு, "வரேன்க்கா" என்றேன்.