கண்ணாடியைக் கழற்றிய டாக்டரம்மா

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நிமோனியாவோடு கிடந்தபோது, என் கட்டில் கட்டுமாவடிக் கடலில் நிற்கும் படகு மாதிரி மெல்ல ஆடியது. மருந்து ஏறியும் பிரஷர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று என் மனைவி அழுதாள். எனக்கோ அந்த மயக்கம் இதமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். குள்ளமான உருவம், கலைந்த கொண்டை. யாரிடம் பேசினாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை மேல் வைப்பார். என் உப்பிய முகத்தையும் கன்றிப்போயிருந்த கைத்தோலையும் வெகுநேரம் பார்த்தார்.

“வீட்டுல என்ன மாத்திரை போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க.”

“முட்டிவலிக்கு மருந்துக்கடையில நாலஞ்சு சேத்துக் குடுக்குற செட்டு மாத்திரைங்க. மூணு வருசமா. இங்கிட்டு வந்ததும் நிறுத்திட்டேன். ரெண்டு மருந்தும் உள்ள போயி அடிச்சுக்கும்ல?”

என் டாக்டர் படிப்பு அவ்வளவுதான்.

“அதுல ஸ்டீராய்டு இருக்குங்க. தெனம் முழுங்குனதுல கிட்னிக்கு மேல இருக்குற சுரப்பி தூங்கிருச்சு. திடீர்னு நிறுத்தவும் ஒடம்பு தாங்கல.”

“திட்டுவீங்கன்னு பயந்துதாங்க சொல்லல.”

“பொழைச்சு எந்திரிங்க, திட்டுறேன்.”

ஸ்டீராய்டையே ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் பிரஷர் ஏறியது, கட்டிலும் ஆட்டத்தை நிறுத்தியது. டாக்டரம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு வாங்க நான் ஆசைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.