கருவாட்டுத் தூள் போட்ட பாக்குக் கன்றுகள்

அந்தக் கருவாட்டுத் தூள் கோணிப்பையை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தவள் நான்தான். என் பிறந்த வீட்டில் கருவாடு போடும் தொழில். காயவைத்த பாயில் உதிரும் தூளை எங்கள் ஆட்கள் தென்னைக்குக் கொட்டுவார்கள். தென்னை உப்பைத் தாங்கும். தென்னைக்கு ஆகிறது பாக்குக்கு ஆகாதா என்று, ராயபுரத்தில் என் புகுந்த வீட்டின் பின்பக்கம் அண்ணி வளர்த்த ஏழு பாக்குக் கன்றுகளுக்கும் அள்ளி அள்ளிப் போட்டேன். அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணியிடம் கெட்டிக்காரி என்று பேர் வாங்கப் பார்த்தேன், வேறென்ன!

கொஞ்ச நாளிலேயே ஓலை நுனியெல்லாம் கருகிவிட்டது. அந்த இடத்தில் வாடகைக்கு ஓர் அறை கட்ட என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசை. "இந்த உப்புத் தண்ணி ஊர்ல இன்னா மொளைக்கும்? புடுங்கிப் போட்டுட்டு ரூம் கட்லாம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "கருவாட்டுத் தூளைப் போட்டது நான்தான்டா. நானே சரி பண்றேன். மழை முடியறவரிக்கும் எவனும் கைவைக்கக் கூடாது." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். லாரித் தண்ணீரைக் குளிக்காமல் மிச்சம் பிடித்து, உப்பு அடியில் இறங்கும்வரை கன்றுகளுக்கு ஊற்றினோம். தண்டையார்பேட்டை மாட்டுக் கொட்டகைச் சாணியை மக்கவைத்து, வேப்பம்புண்ணாக்கும் கழுவிய தென்னைநார்த் தூளும் கலந்து போட்டோம். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு கலீஜ் என்றது. "உங்க வூட்டு சாக்கடைய வுடவா நாறுது?" என்பார் அண்ணி. மழைக்குப் பிறகு இரண்டு கன்று போய்விட்டது, ஐந்து குருத்து விட்டது. வடசென்னை மண் செத்த மண் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். அதற்கு நாம் என்ன போட்டோம் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா?

அண்ணி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் என் வீட்டுக்காரர் மரம் அறுக்கிற ஆளோடு வந்து நின்றார். நான் குறுக்கே போனேன். "அக்காவே கருவாட்டுத் தூளைப் போட்டுக் கொல்லப் பாத்த மரம், உனுக்கு இன்னா வந்துச்சி?" என்று கேட்டார். இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"உங்க அக்கா போடல, நான் போட்டேன். அன்னிக்கே நான் சொல்லியிருந்தா என்னையும் திட்டி, கன்னையும் புடுங்கியிருப்ப. அக்கான்றதால வாய மூடிக்கினு இருந்த. சாவறவரிக்கும் எனக்காக அந்தப் பழிய சொமந்துச்சி அந்த மனுஷி. இப்ப சொல்றேன், நான்தான். இன்னா பண்ணப் போற? ஒரு மட்டை மேல கைவெச்சிப் பாரு!"

ரம்பத்துக்காரர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், ரம்பத்தைக் கோணியில் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடிக்கக் கிளம்பிவிட்டார்.