தேசிக்காய்ப் புளியும் முதிரை அலுமாரியும்

எங்கள் பக்க வழக்கப்படி, கலியாணம் முடித்து மருதமுனையில் மனைவியின் வீட்டுக்குக் குடிவந்தவன் நான். வீடு அவளுக்குச் சீதனம். கட்டிலும் கதிரையும் அவளுடையவை. தறியும் முற்றத்துச் சாயத் தொட்டியும் அவளுடையவை. யாரும் என்னை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. ஆனாலும் என்னுடையது என்று காட்ட அந்த வீட்டில் என் செருப்பு மட்டும்தான் இருந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கிழக்குக் கரையைப் புரட்டிப் போட்ட புயலுக்கு அடுத்த வருடம், நற்பிட்டிமுனையில் கூரை விழுந்த ஒரு பழைய வீட்டில் அலுமாரி ஒன்றை விற்றார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சாமானாம். மேலெல்லாம் பச்சைப் பெயின்ட் அப்பிக் கிடந்தது. படிப்பித்துச் சம்பாதித்த காசில் வாங்கி, வண்டிலில் ஏற்றிவந்து முற்றத்தில் இறக்கினேன். இது என்னுடையது என்று வாய்விட்டே சொன்னேன். மனைவி சிரித்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள்.

நாலு நாள் கண்ணாடித் துண்டால் சுரண்டியும் உள்ளங்கையளவுதான் கழன்றது. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். அவள் இல்லாத நேரம் பார்த்து, நூலுக்குச் சாயம் போட வைத்திருந்த கோஸ்டிக் சோடாவைக் கரைத்துக் கதவு முழுக்கப் பூசினேன். பெயின்ட் கூழாகி வழிந்தது. அடடா, என்ன கெட்டிக்காரன் நான் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். மரம் அடுப்புச் சட்டியின் அடி மாதிரிக் கருத்துக் கிடந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கருத்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவள் வந்தாள். ஏசப் போகிறாள் என்று நின்றேன். கதவைப் பார்க்குமுன் என் கையைத்தான் பார்த்தாள். வெந்து சிவந்திருந்த விரல்களை வாளித் தண்ணீருக்குள் வெகுநேரம் பிடித்து வைத்திருந்தாள். எல்லாம் நாசமாகிவிட்டது என்றேன்.

“நூலும் தொட்டியால வரக்குள்ள பாக்க ஏலாமத்தான் இரிக்கும். கொஞ்சம் பொறுங்க.”

கோஸ்டிக்கின் காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்பது சாயம் போடுகிறவளுக்குத் தெரியும். தேசிக்காய்களை வெட்டி, சாறு சொட்டும் பாதி மூடியால் கதவைத் தேய்த்தாள்.

கறுப்பு விலகியது. அடியிலிருந்து மஞ்சள் எழும்பியது. முதலில் விரலகலம், பிறகு கையகலம், பிறகு கதவு முழுக்க. அசல் முதிரை மரம். வெட்டுக்கு நிற்கும் நெல் வேளாண்மையில் காற்றுப் போவதுபோல அந்த மஞ்சளுக்குள் வரிகள் ஓடின. நான் தலையைச் சாய்த்தால் அவையும் இடம் மாறின. செத்த மரம் அசைவதை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. எத்தனை தலைமுறையாக இது அந்தப் பச்சைக்குள் இப்படியே இருந்திருக்கிறது என்று நினைக்க மயிர்க்கூச்செறிந்தது. அவளும் மூடியைக் கையில் வைத்தபடி தேய்க்க மறந்து நின்றாள்.

மற்றப் பக்கங்களையும் இப்படியே சுத்தமாக்கிக் காயவிட்டு, தேங்காயெண்ணெயில் தேன்மெழுகை உருக்கிப் பூசி உள்ளே எடுத்தோம். இனி அதை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீட்டது அவளுடைய கை.

அவள் தன் பெட்டகத்தைத் திறந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்தாள். அவள் பெயரில் எழுதிய உறுதி. அதை அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் நீட்டினாள்.

“உங்கட அலுமாரி. திறப்பும் உங்கட கையிலதானே இரிக்கணும்.”

முற்றத்தில் அடக்கிய அழுகை அப்போது வந்துவிட்டது.