உறுத்தாத துணி

குன்னூரில் சுடிதாருக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மனிதரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்குக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். கடைக்காரர் விரித்த ஒவ்வொரு துணியையும் உள்ளங்கையால் தடவிவிட்டு, கன்னத்திலும் தேய்த்துப் பார்த்தார். எதிலும் திருப்தியில்லை. எட்டாவது துணியில் கடைக்காரரின் முகம் சுருங்கியது.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த ரெண்டையும் தொட்டுப் பாத்துச் சொல்றீங்களா? சம்சாரத்துக்கு மாருல ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். முன்னாடி பட்டன் வெச்சு லூசா தெச்சுப் போடச் சொல்லியிருக்காங்க. கோத்தகிரி எஸ்டேட்டுல தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டி வெட்டி என் கை மரத்துப்போச்சு. எனக்கு எல்லாமே மெத்துன்னுதான் தெரியுது."

ஒன்று மெல்லிய பருத்தி, இன்னொன்று ஃபிளானல். பருத்தி மிருதுவாக இருந்தது, ஆனால் எஸ்டேட் குளிருக்குப் போதாது. ஃபிளானல் கதகதப்பாக இருந்தாலும், அதன் பஞ்சு தையல் போட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன். இரண்டையும் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். புண்ணில்லாத என் தோலுக்கு என்ன தெரியும்?

"பருத்தியே எடுங்க. மேல சால்வை போத்திக்கட்டும்."

"உறுத்தாதுங்களே?"

"உறுத்தாதுங்க" என்றேன்.

அவர் பருத்தியை வெட்டித் தரச் சொன்னார். துணியை வாங்கிக்கொண்டு தையல்காரரிடம் விரைந்தார்.

நான் எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. இப்போதும் கோத்தகிரி பஸ்ஸில் ஏறினால், முதலில் அவர் முகம் தென்படுகிறதா என்றுதான் பார்க்கிறேன்.