என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்

போன ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தை எடுத்து, புதுப் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். எந்தச் சாதி, எந்த மதத்து ஆளும் பயப்படாமல் ஸ்டேஷனுக்கு வர, போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பயிற்சி. பந்தல், நாற்காலி எல்லாம் நான்தான்.

படித்தது மூன்றாவது. முசரவாக்கத்திலிருந்து மூங்கில் சுமந்து வந்தவன், இன்று ஆயிரம் நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். எங்கள் பக்கத்தில் யாருக்குப் பிரச்சினை என்றாலும் என்னைத்தான் ஸ்டேஷனுக்குத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நான் நுழைந்தால் நாற்காலி வரும், டீ வரும். நாற்பது வருஷம் உழைத்துச் சம்பாதித்த மரியாதை அது.

போலீஸ்காரர்களோடு பேச ஊர்க்காரர்கள் சிலரையும் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் வரச்சொன்னதும் மேடை எனக்குத்தான் என்று பட்டு வேட்டி கட்டிப் போனேன். மேடையே இல்லை! வட்டமாக நாற்காலி. எதிரே பிரியாணிக் கடை பாய், ஒரு வடநாட்டுக் கொத்தனார். என் பக்கத்தில், மண்டபங்களில் பாத்திரம் தேய்க்கும் காலனி அம்மா. எனக்குச் சுருக்கென்றது.

பயிற்சி நடத்திய பெண் அதிகாரி, "ஸ்டேஷனுக்கு யாரைக் கூட்டிட்டு வருவீங்க?" என்று எல்லோரையும் கேட்டார். ஏழெட்டு விரல் என்னைக் காட்டியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தனியா வந்ததே இல்லையா?"

பாத்திரம் தேய்க்கும் அம்மாதான் வாய் திறந்தார். "ஒரு தபா வந்தேன்மா. வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன். இன்னான்னு ஒருத்தரும் கேக்கல. மறுநாள் இவரோட வந்தேன். இவருக்கு சேர் போட்டாங்க, நான் நின்னேன். மருமகன் என் பொண்ண அடிக்கிறான்னு சொல்ல வந்தேன். இவரு, 'குடும்ப விஷயம், நாங்களே பேசித் தீத்துக்கிறோம்'னு எழுந்துட்டாரு."

"இன்னாமா, நல்லதுக்குத்தான சொன்னேன்!" என்றேன்.

"நல்லதுதாண்ணா. அவன் அப்புறமும் அடிச்சான்."

அதிகாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓர் இளம் போலீஸ்காரரை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து, அந்த அம்மாவை வாசலிலிருந்து தனியாக நடந்து வரச்சொன்னார். ஒத்திகை. போலீஸ்காரர் எழுந்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என் நாற்காலி! முதுகில் என் கடைப் பெயர். அந்த அம்மா அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால் மணி நேரம் பேசினார். போலீஸ்காரர் குறுக்கே பேசாமல் எழுதினார். கடைசியில் அதிகாரி அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பொண்ணோட வாங்கம்மா. அது ஒத்திகை இல்ல" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது, அந்த அம்மாவுக்கு ஒரே நிமிஷத்தில் கிடைத்துவிட்டதே!

வெட்கம் மறுநாள் காலையில் வந்தது. தாயும் மகளும் என் கடையைத் தாண்டி, என் பக்கம் திரும்பாமலே ஸ்டேஷனுக்குப் போனார்கள். மகளின் கன்னம் வீங்கியிருந்தது. முன்பு அந்த அம்மா என்னைத் தேடி வந்த அன்றும் மகள் கூடவேதான் நின்றாள். முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

இப்போதும் யாராவது கூப்பிட்டால் ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகிறேன். ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொள்கிறேன். உள்ளே அவர்களுக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சத்தம் கேட்காமல் நான் வீடு திரும்புவதில்லை.