பேலியகொடைக்கு இந்தப் பக்கம்

பேலியகொடை மீன் சந்தையைத் தாண்டியதும், பாலத்துக்கு முன்னால் ஒரு சின்ன லொறியோடு என் கணவர் நிற்பார் என்பது ஒன்பது நாட்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். அதுதான் எங்கள் ஒப்பந்தம். யாழ்ப்பாணத்திலிருந்து பேலியகொடை வரை நான் தனியாகச் சைக்கிளில் வரலாம். ஆற்றைக் கடந்து கொழும்புக்குள் நுழைவதென்றால் சைக்கிளும் நானும் லொறியில் ஏற வேண்டும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள்.

நான் இதற்குத் தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. எனக்கும் பயம்தான். நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் காலத்தில் கொழும்புத் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழக இடமும் இல்லை, விடுவாரும் இல்லை. மானிப்பாயில் பிறந்த என் கணவருக்கு அது தீராத பகிடி. "யாழ்ப்பாணத்தில ஆடு மாட்டைத் தவிர மற்ற எல்லாரும் சைக்கிள் ஓடுவினம்" என்பார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன். நாற்பத்தொன்பதாவது வயதில் சிரிப்பு வராமல் போய்விட்டது. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுக்கிறவள் நான். "ஏலாது எண்டு சொல்லாமச் செய்து பாருங்கோ" என்று நாள் முழுக்க அதட்டுகிற வாய் எனக்கு. அந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குச் சும்மா இருப்பது?

ஒரு சைக்கிள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், கடற்கரை வீதியில் வாகனம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழகினேன். முழங்கால் இரண்டும் தோலுரிந்தன. மூன்று வருடத்தில் மொறட்டுவை வரை போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஆனால் பகலில், பஸ்ஸும் லொறியும் நெரிபடுகிற நேரத்தில், புறக்கோட்டைப் பக்கம் ஒரு நாளும் சைக்கிளைக் கொண்டுபோனதில்லை. அதனால்தான் அவர் லொறி என்றபோது மறுபேச்சுப் பேசவில்லை.

ரயிலில் சைக்கிளை ஏற்றி யாழ்ப்பாணம் போனேன். திரும்பி வந்த வழியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பெரும்பாலும் வெயிலும் வீதியும்தான். ஆனையிறவில் எதிர்க்காற்று என்னை அரை நாள் அந்த இடத்திலேயே வைத்திருந்தது. முறிகண்டியில் மற்ற வாகனக்காரர்களோடு வரிசையில் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். என்னுடையதும் வாகனம்தானே. புத்தளத்துக்கு அப்பால் செயின் கழன்றது. ஆள் அரவமில்லாத இடம். நானே போட்டுக்கொண்டு, கிறீஸ் பூசிய கையோடு அடுத்த கடையில் பிளேன்ரீ குடித்தேன். சிலாபத்தைத் தாண்டும்போது ஒன்று முடிவாகிவிட்டது. நான் லொறியில் ஏறப்போவதில்லை. ஏறினால், காலம் முழுக்க நான் பேலியகொடை வரை வந்தவளாகத்தான் இருப்பேன். ஊர் சொல்கிறதோ இல்லையோ, எனக்கே அப்படித்தான் இருக்கும்.

நீர்கொழும்பிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, பத்து மணிக்குப் பேலியகொடைக்கு வந்தேன். மீன்பெட்டிகளின் ஐஸ் தண்ணீர் வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்றார். லொறியின் பின்பக்கத்தில் ஒரு பழைய மெத்தையும் கயிறும் தயாராக இருந்தன. முதலில் சைக்கிளின் இரண்டு சில்லையும் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நல்லாக் கறுத்துப்போனாய்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் அவரைக் கண்டது பெரிய சந்தோசம். ஆனாலும் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"சரி, ஏறு."

"நான் ஏறேல்லை. ஓடித்தான் வரப்போறன்."

"என்னப்பா விளையாடுறியே? பேசினது என்ன?"

"பேசினது சரிதான். அப்ப எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது."

"இப்ப?"

"இப்பத் தெரியும்."

அவர் வீதியைக் காட்டினார். "இது வன்னி இல்லை. இஞ்ச பஸ்காரன் உன்னைப் பாக்கமாட்டான்."

"பாக்க வைப்பன்."

"முப்பத்தைஞ்சு வருசமா நானே இந்த ரோட்டில சைக்கிள் எடுக்கேல்லை, தெரியுமே?"

"அது உங்கட பிரச்சினை" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன்.

லொறிக்காரர் தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. இவ்வளவு நேரமும் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "வுடுங்க சேர், இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு இது என்னா" என்றார். கடைசியில் லொறி முன்னால் மெதுவாகப் போவதென்றும் நான் அதை ஒட்டிப் பின்னால் வருவதென்றும் முடிவாயிற்று. என் கணவர் லொறியின் பின்பக்கத்தில் மெத்தையின் மேல், என்னைப் பார்த்தபடி ஏறி இருந்தார்.

பாலத்தைக் கடந்தோம். அவருடைய கை ஓயவில்லை. மெதுவாக வா, இடப்பக்கம் வா, நில், வா. ஒன்பது நாள் யாரும் எனக்குக் கை காட்டவில்லை, நானும் ஒரு பள்ளத்திலும் விழவில்லை. கோபம் தலைக்கேறிக்கொண்டு வந்தது. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குப் போகிற ஒரு கண்டெய்னர் லொறி திரும்ப முடியாமல் வீதிக்குக் குறுக்கே நின்றது. பஸ், ஓட்டோ, வேன் எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் லொறியும் நின்றது. இடப்பக்கத்தில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்கு மட்டும் வழி இருந்தது.

அந்த வழியால் போனேன். அவரைக் கடக்கும்போது மணியை அடித்தேன். "நில்லு! நில்லப்பா!" என்ற சத்தம் பின்னால் கேட்டது. நிற்கவில்லை. பைக்குள் தொலைபேசி அதிரத் தொடங்கியது. ஓரமாக ஒரு கால் ஊன்றி அதை நிறுத்திவிட்டு மிதித்தேன்.

கொழும்பு வீதியில் சைக்கிள் ஓடுகிற வித்தையை அந்த ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்தேன். திரும்பும்போது கையை முழுசாக நீட்ட வேண்டும். நீட்டிக்கொண்டே சாரதியின் கண்ணைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்த பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வைதான். பஸ் நிற்கிறது. புறக்கோட்டையில் மூட்டை வண்டிக்காரர்கள் எனக்கு வழிவிட்டார்கள். ஒரு பஸ் நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி, "யன்ன அக்கே, யன்ன!" என்று சிங்களத்தில் கத்தினான். போ அக்கா போ என்கிறான். போனேன். காலிமுகத்திடலில் கடற்காற்று வந்தது. அங்கே நான் சத்தமாகச் சிரித்தது நினைவிருக்கிறது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, பிறகு வெள்ளவத்தைச் சந்தை. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, முன்சில்லை வீட்டுக் கேற்றில் முட்டி நிறுத்தினேன். வாசலில் ஒருவரும் இல்லை. எனக்கு அந்த நேரம் ஒருவரும் தேவைப்படவுமில்லை. நான் வீடு வரைக்கும் வந்தவள்.

குளித்துவிட்டுத் தேநீர் வைத்தேன். பிறகுதான் தொலைபேசியைப் போட்டுப் பார்த்தேன். பதினேழு அழைப்புகள். திருப்பி எடுத்தால் அவருடையது வேலை செய்யவில்லை. லொறிக்காரரின் இலக்கம் என்னிடம் இல்லை. முக்கால் மணி நேரம் கேற்றடியில் நின்றேன். வன்னிக் காட்டு வீதியில் வராத பயமெல்லாம் அப்போது வந்தது.

அவர் ஒழுங்கையால் நடந்து வந்தார். சேர்ட் தெப்பமாக நனைந்திருந்தது. சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசற்படியில் இருந்துவிட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் போடவில்லை.

"போனில சார்ஜ் முடிஞ்சு போச்சு. லொறியை விட்டிட்டுப் புறக்கோட்டை வரைக்கும் ஓடினன். பிறகு ஓட்டோ. நீ எங்கயோ விழுந்து கிடக்கிறாய் எண்டுதான் நினைச்சன். சந்திக்குச் சந்தி இறங்கிக் கேட்டன்."

"ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

"பொலிஸ்காரரிட்டத்தான்."

இருபது வயதில் அவர் கொழும்புக்கு வந்தபோது ஒரு சைக்கிள் வைத்திருந்தார். ஒரு நாள் அந்தக் காலத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் மறித்து, எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றார். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு விட்டார்கள். சைக்கிள் திரும்பி வரவில்லை, அவரும் பிறகு இன்னொன்று வாங்கவில்லை. நடைபாதையில் பொலிஸ்காரர் நின்றால் இன்றைக்கும் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போகிறவர். பொலிஸ் நிலையத்தில் ஏதாவது அலுவல் என்றால் நான்தான் போவேன். இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் பேலியகொடையில் அவரிடம் "அது உங்கட பிரச்சினை" என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது.

தேநீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். தொலைபேசியை நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். முந்தி வந்ததற்குக் கேட்கவில்லை.

"என்னெண்டு கேட்டனீங்கள்?"

"மகே நோனா, யாப்பனே இந்தன் பைசிகலென் ஆவே எண்டு சொன்னன்." என் மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் வந்தவள் என்று. எந்தச் சாவடியிலும் மென்று விழுங்கிச் சொன்ன ஊரின் பெயரை, யாரும் கேட்காமல், தானாகப் போய்.

"எத்தனை பேரிட்டச் சொன்னனீங்கள்?"

"ஆறு பேரிட்ட" என்றார். தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நாலாவது ஆளே, அந்த நோனா நல்லா ஓடிக்கொண்டு போறா, பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லிட்டான். மற்ற ரெண்டு பேரிட்டயும் நான் சும்மாதான் சொன்னன்."